சுண்டுவிரலில் ஒரு புள்ளி

என் அம்மாவின் வலது கைச் சுண்டுவிரல் முதல் கணுவில் லேசாக வளைந்திருக்கும். சிறுவயதில் நான் அதைப் பிறவியிலேயே வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது தமிழ் எழுத்தின் மெய்ப்புள்ளி விழுந்து விழுந்து வந்த வளைவு என்று.

விழுப்புரத்தில் பத்திரம் எழுதும் கடையொன்றில் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் தட்டச்சு செய்தார். முதலில் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். அந்தக் கடையின் பழைய விசைப்பலகை ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. டி.வி.எஸ். கோல்டு. தமிழ்நாட்டின் டி.டி.பி. கடைகளிலும் பில் போடும் மேசைகளிலும் ஒரு காலத்தில் எங்கும் இருந்த, அடித்தால் டக் டக்கென்று சத்தம் போடும் பலகை. ஆங்கிலத்தில் வேலை செய்பவர்களின் பலகையில் 'ஏ', 'இ' போன்ற எழுத்துகள்தான் முதலில் அழியும். அம்மாவின் பலகையில் முதலில் அழிந்தது அரைப்புள்ளி விசை. ஆங்கிலத்தில் அரிதாகவே கை படும் இடம் அது. பாமினி எழுத்துருவில் அங்கேதான் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறது. அதற்கு நேர் மேலே, 'பி' விசையில் இகரக் கொக்கி. இரண்டையும் அடிக்க வேண்டியது வலது கைச் சுண்டுவிரல்.

'வணக்கம்' என்று அடித்துப் பாருங்கள். ஐந்தெழுத்துச் சொல்லில் இரண்டு முறை புள்ளி வருகிறது. தமிழில் புள்ளியில்லாமல் ஒரு வரியைக் கடப்பது கடினம். அந்தப் பாரம் முழுவதையும் கையிலேயே வலு குறைந்த விரலின்மேல் ஏற்றி வைத்த ஒரு ஏற்பாட்டின்மேல், தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பெண்கள் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். அந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது, அது பெண்களுக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்காமல் விட்டது என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை.

இயந்திரமும் பெண்ணும்

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சு இயந்திரத்தை ரெமிங்டன் நிறுவனம் 1870களின் நடுவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துவந்த நிறுவனம் அது. 1881இல் நியூயார்க்கில் இளம் பெண்கள் கிறிஸ்தவச் சங்கம் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு தொடங்கியபோது சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே அலுவலகத் தட்டச்சு பெண்களின் வேலையாகிவிட்டது. அந்தக் காலத்து ஆங்கிலத்தில் 'டைப்ரைட்டர்' என்ற ஒரே சொல் இயந்திரத்தையும் குறித்தது, அதை இயக்கிய பெண்ணையும் குறித்தது. ஆளுக்கும் கருவிக்கும் வித்தியாசம் தேவைப்படவில்லை.

நம் ஊரில் கதை வேறு. இங்கே தட்டச்சும் சுருக்கெழுத்தும் முதலில் ஆண்களின் உத்தியோகம். ஆங்கிலம் படித்த, பெரும்பாலும் உயர்சாதிக் குடும்பங்களின் ஆண்கள் அந்தச் சான்றிதழ்களோடு பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயிலேறினார்கள். 1966இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அது குறிவைத்தவர்களில் இந்தத் தென்னிந்திய குமாஸ்தாக்களும் இருந்தார்கள். அவர்களை நாம் 'வேலை தேடிப் போனவர்கள்' என்று வரலாற்றில் எழுதுகிறோம். அதே சான்றிதழைப் பின்னாளில் வாங்கிய பெண்களைப் பற்றி அப்படி எழுதுவதில்லை. 'கல்யாணம் ஆகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று டைப் படித்தாள்' என்பதோடு முடித்துவிடுகிறோம்.

தமிழுக்கென ஒரு தட்டச்சு இயந்திரம் வேண்டும் என்று உழைத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, சிங்கப்பூரில் வணிக நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஆர். முத்தையா. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அவர் செய்த வடிவமைப்பில் ஜெர்மனியில் இயந்திரங்கள் தயாராகி வந்தன. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்குவதுதான் சிக்கல். அதற்கு அவர் கண்ட வழி நகரா விசை. சில விசைகளை அடித்தால் குறி தாளில் விழும், ஆனால் வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். எனவே டைப்ரைட்டரில் 'ம்' என்று அடிக்க முதலில் புள்ளி, பிறகு ம. எழுதும்போது எழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளியை இயந்திரத்தில் முன்னால் வைக்க வேண்டும்.

இது பெரிய அறிவு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் எந்த விரலுக்கு எது என்று வகுக்கப்பட்டபோது, எட்டு மணி நேரம் அதன்முன் உட்காரப் போகிறவளின் கை கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை.

யளனகபக

1956 டிசம்பரில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அரசுக் கோப்பு தமிழுக்கு மாறினால் தமிழில் அடிக்க ஆள் வேண்டும். ஆட்சிமொழி வரலாற்றை எழுதியவர்கள் தலைவர்களையும் புலவர்களையும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தமிழைத் தாளில் இறக்கியவர்கள் தட்டச்சர்கள்.

அம்மா 1980களின் நடுவில் திண்டிவனத்தில் டைப் படித்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கோடை. கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. திண்டிவனத்தில் அரசுக் கலைக் கல்லூரி இருந்தது. தாத்தா 'பையன்களும் படிக்கிற இடம்' என்று சொல்லிவிட்டார். டைப் கிளாசுக்கு மட்டும் தடையில்லை. ஒரு மணி நேரம்தான், பகலில்தான், நடந்து போய் நடந்து வந்துவிடலாம், சான்றிதழும் கிடைக்கும். அந்த வயதுப் பெண் தெருவில் தனியாக நடப்பதற்கு ஊர் ஒப்புக்கொண்ட மிகச் சில காரணங்களில் அது ஒன்று.

இருபது இயந்திரம் ஒரே அறையில் ஓடும் சத்தத்தைப் பற்றி அம்மா இப்போதும் சொல்வார். ஆங்கிலத்தில் முதல் பாடம் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்'. தமிழில் அதே விசைகளில் 'ய ள ன க ப க'. வலது கைக்கு 'புள்ளி ட ம த கால் த'. பொருளில்லாத அந்த எழுத்து வரிசையை ஒரு தாளின் இரண்டு பக்கமும் அடித்து நிரப்ப வேண்டும். விசையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மாஸ்டர் அட்டையால் கையை மறைத்துவிடுவார். சுண்டுவிரல் அழுத்தம் போதாமல் புள்ளி மங்கலாக விழுந்தால் தாள் திரும்பி வரும். 'ஆயா அம்மியில அரைக்கிற மாதிரி தோளு வலிக்கும்' என்பார் அம்மா. ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாராம்.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு வைக்கும். இளநிலை, முதுநிலை. எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், லோயர், ஹையர் என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அம்மா தமிழில் இரண்டையும் முடித்தார். ஆங்கிலத்தில் லோயர் முடித்தபோது வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். 'பொண்ணு டைப் முடிச்சிருக்கு' என்பது அப்போது ஒரு தகுதி. வேலைக்குப் போவதற்கான தகுதியாக அதை யாரும் சொல்லவில்லை.

டைப் கிளாஸ் எல்லாப் பெண்களுக்கும் திறந்திருந்தது என்றும் சொல்ல முடியாது. மாதக் கட்டணம் கட்ட வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. வரை பள்ளியில் தங்கியிருக்க வேண்டும், ஊரைக் கடந்து டவுனுக்கு வந்துபோக ஒரு குடும்பம் சம்மதிக்க வேண்டும். அறுவடைக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சேரிப் பெண்கள் எத்தனை பேருக்கு இது மூன்றும் வாய்த்திருக்கும்? அம்மாவுக்கு நினைவிருக்கும் வரையில் அவருடைய பேட்ச்சில் காலனியிலிருந்து வந்தவர் ஒருவர். அவரும் இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். ஏன் என்று அம்மா அப்போது கேட்கவில்லை. இப்போது சொல்லும்போது குரல் தாழ்கிறது.

1989

அந்த வருடம் தமிழ்நாட்டுப் பெண்களுக்கு முக்கியமானது. அரசு வேலைகளில் பெண்களுக்கு 30 சதவீத இடஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது 1989இல். எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்களுக்கான மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டமும் அதே ஆண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும் அதே ஆண்டு. மகனைப்போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு உண்டு என்று அது சொன்னது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. திண்டிவனத்திலிருந்து சென்னைச் சாலையில் போனால் வழியில் வரும் ஊர்தான் செங்கல்பட்டு. அந்தக் கோரிக்கை சட்டமாக அறுபது ஆண்டு ஆகியிருக்கிறது.

சட்டத்தில் ஒரு தேதி இருந்தது. 25 மார்ச் 1989. அதற்கு முன் திருமணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை. பெரியம்மாவுக்குக் கல்யாணம் 1986இல். அம்மாவுக்கு 1991இல். ஒரே வீட்டில் பிறந்து ஒரே கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிய இரண்டு பெண்களில், சட்டத்தின் கண்ணில் ஒருத்தி பங்காளி, மற்றவள் இல்லை.

1993 செப்டம்பர் 30ஆம் தேதி தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது. அதுவரை கலெக்டரைப் பார்க்கக் கடலூருக்குப் போக வேண்டும். மாவட்டத் தலைநகரானதும் விழுப்புரத்தில் அலுவலகங்கள் பெருகின. அலுவலகம் வந்தால் எதிரே ஜெராக்ஸ் கடை வரும், மனு எழுதுபவர் வருவார், ஜாப் டைப்பிங் பலகை தொங்கும். அம்மா கல்யாணமாகி விழுப்புரம் வந்திருந்தார். நான் கைக்குழந்தை. அப்பாவின் சம்பளம் போதவில்லை. பெட்டிக்குள் கிடந்த லோயர், ஹையர் சான்றிதழ் அப்போதுதான் வெளியே வந்தது.

அரசு வேலைக்கும் எழுதிப் பார்த்தார். கைக்குழந்தையோடு படித்து எழுதிய தேர்வு கைகூடவில்லை. பத்திரம் எழுதும் கடையில் மாதச் சம்பளம் கிடையாது, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தையல் கடையில் காஜா எடுக்கும் பெண்ணுக்கும் இதே கணக்குதான்.

புள்ளி இடம் மாறியது

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். முதலாளியின் மகன் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். 'டைப் தெரியும்ல அக்கா, அதேதான்' என்றாராம். விரல் போகும் இடம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பாமினியில் புள்ளியை எழுத்துக்குப் பின் அடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் முன்னால் அடித்துப் பழகிய கை. மனது மாறிவிட்டது, விரல் மாறவில்லை. முதல் மாதம் முழுக்கப் புள்ளியெல்லாம் முந்தைய எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. 'நிலம்' அடித்தால் 'நில்ம' என்று வரும். பிழைக்குக் கூலி பிடித்தார்கள்.

இப்படி ஒரு உடல் தன்னைத் திருத்திக்கொள்வதை நாம் வேலை என்று எண்ணுவதில்லை. 'அதேதான்' என்று சொல்லிவிடுகிறோம்.

அம்மா மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1999 பிப்ரவரியில், சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்தது. அதிலிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. அதில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. புள்ளி 'எஃப்' விசையில், இடது கை ஆள்காட்டி விரலுக்கு. அதுவும் பல இடங்களில் தேவையில்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். டைப்ரைட்டரில் அ, புள்ளி, ம, ம, கால். பாமினியில் அ, ம, புள்ளி, ம, கால். இரண்டிலும் ஐந்து அடி. தமிழ்99இல் அ, ம, ம, ஆ. நான்கே அடி, வலது கைச் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை.

அரசு தமிழ்99ஐத் தரமாக ஏற்றது. 2010இல், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி ஒருங்குறியையும் ஏற்றது. ஆனால் அரசின் தட்டச்சுத் தேர்வு பழைய இயந்திரத்தில், பழைய வரிசையிலேயே தொடர்ந்தது. தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் வேண்டும். ஒரு கையால் புதிய பலகையைத் தரம் என்று அறிவித்து, மறு கையால் பழைய பலகைக்கு மதிப்பெண் போட்டால் ஏழைப் பெண் எதைப் படிப்பாள்? வேலை தருவதைத்தான் படிப்பாள். அம்மாவின் விரலுக்கு விடுதலை வந்திருந்தது, ஆனால் அந்தச் செய்தி கடை வரைக்கும் வந்து சேரவில்லை. 2012இல் நான் கல்லூரியில் தமிழ்99 கற்றுக்கொண்டு வந்து காட்டியபோது, அம்மா நான்கு அடியில் விழுந்த 'அம்மா'வைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். 'இனிமே எதுக்குடி எனக்கு?' என்றார்.

எழுதிக்கொடுப்பவர், தட்டச்சு செய்தவர்

அம்மா அதிகம் அடித்தவற்றில் ஒன்று விடுதலைப் பத்திரம். சொத்தில் பங்குள்ள ஒருவர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பது. குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு. சட்டத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொது. அம்மா அடித்தவற்றில் விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் அக்கா, அல்லது தங்கை. வாங்கிக்கொள்பவர் அண்ணன், தம்பி. 1989க்குப் பிறகு பெண்ணின் கையெழுத்து இல்லாமல் நிலத்தை விற்க முடியாது என்று ஊருக்குத் தெரிந்ததும் இது கூடியது என்பார் அம்மா. சட்டம் உரிமையைக் கொடுத்தது, குடும்பம் கையெழுத்தைக் கேட்டது. சீர் நிற்கும், தாய்வீட்டு வாசல் மூடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

'மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பின்தொடர்ச்சியும் இல்லை.' இந்த மாதிரி வரியை அம்மா பார்க்காமலேயே அடிப்பார். எத்தனை புள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

2001இல் தாத்தா இறந்து ஒரு வருடம் கழிந்ததும் மாமாக்கள் இருவரும் விழுப்புரம் வந்தார்கள். மூன்று ஏக்கர் புஞ்சை. கிணறு ஒன்று. அம்மாவும் பெரியம்மாவும் விடுதலை எழுதித் தர வேண்டும். வெளியில் கொடுத்தால் செலவு, நம்ம தங்கச்சியே இருக்கும்போது எதற்கு என்று சின்ன மாமா சொன்னார். அம்மாவே அடித்தார். தன் பெயர், தன் கணவர் பெயர், தன் வயது, நான்கு எல்லை, எவ்வித உரிமையும் இல்லை.

பத்திரத்தின் கடைசியில் 'தட்டச்சு செய்தவர்' என்று ஒரு வரி போடும் வழக்கம் உண்டு. அந்தக் கடையின் நூற்றுக்கணக்கான பத்திரங்களில் அந்த இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. யார் யாருடைய நிலத்துக்கோ அடியில், வரப்பில்கூட நிற்காத ஒருத்தியின் பெயர். இந்த ஒரு பத்திரத்தில் மட்டும், எழுதிக்கொடுப்பவரே அடித்ததாக இருந்தால் நன்றாயிராது என்று முதலாளி வேறொரு பெயரைப் போடச் சொன்னார். தன் சொந்த நிலத்தை விட்ட பத்திரத்தில் அம்மாவின் உழைப்பும் பதிவாகவில்லை. அன்றைக்குக் கூலியும் இல்லை.

'உனக்குச் சட்டம் தெரியுமே, எத்தனை பேருக்கு அடிச்சிருக்க, ஏம்மா கையெழுத்துப் போட்ட?' என்று பிற்பாடு கேட்டேன். 'அடிக்கிறப்ப அது அடுத்தவங்களுது மாதிரியே இருந்துச்சு' என்றார். விசையைப் பார்க்காமல் அடி என்று பதினாறு வயதில் பழக்கிய பயிற்சி எது வரைக்கும் போகிறது என்று அன்று யோசித்தேன்.

2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் திருமணத் தேதிக் கோட்டை அழித்தது. பெரியம்மாவைப் போன்றவர்களும் பங்காளிகள் ஆனார்கள். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில், 2005இல் தகப்பன் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை பிறப்பால் வருவதே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் வீட்டில் இரண்டும் தாமதமாக வந்தன. பதிவான விடுதலைப் பத்திரம் அப்படியே நிற்கிறது.

பலகைக்கு அந்தப் பக்கம்

விசைப்பலகை பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒன்றுமே தரவில்லை என்றும் எழுத மாட்டேன். அம்மாவின் பக்கக் கூலியில்தான் நான் படித்தேன். திண்டிவனத்தை மையமாகக் கொண்டு பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் சாதிச் சான்றிதழுக்காகவும் மனைப்பட்டாவுக்காகவும் நடத்திவரும் போராட்டத்துக்கும் மனு வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மனுவையும் யாரோ ஒருவர் அடிக்க வேண்டியிருக்கிறது. இன்று இ-சேவை மையங்களில் வருமானச் சான்றும் வாரிசுச் சான்றும் கேட்டு நிற்கும் வரிசையில் பெண்கள், பலகைக்குப் பின்னால் பல இடங்களில் பெண்கள். அதிகாரத்தின் மொழியை எழுத்தெழுத்தாக அறிந்தவர்கள் இவர்கள். அந்த அறிவைத் தனக்காகப் பயன்படுத்தும் துணிவைத்தான் எந்த டைப் கிளாசும் சொல்லித் தரவில்லை.

அம்மா வேலையை விடுவதற்கு முந்தைய சில வருடங்களில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். விடுதலைப் பத்திரம் அடித்து முடித்ததும், பிரதியைப் பிழை பார்க்க அண்ணன்காரரிடம் கொடுக்க மாட்டார். எழுந்து போய், ஓரமாக நிற்கும் அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பார். 'நீ ஒரு வாட்டி படிச்சுப் பாரும்மா. அவசரமில்ல' என்பார். முதலாளி முறைப்பார். பெரும்பாலான பெண்கள் படிப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

ஒருத்தி மட்டும் முழுக்கப் படித்தாள். மரத்தூர்ப் பக்கமோ கண்டமங்கலம் பக்கமோ, ஊர் அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை. படித்து முடித்துத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். 'வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வரேன்க்கா' என்றாள். கூட வந்த அண்ணன் கத்திக்கொண்டே பின்னால் போனார்.

அவள் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்துக்கும் அம்மாவுக்குக் கூலி கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அம்மா அந்தச் சுண்டுவிரலை நீட்டி மடக்கிக்கொண்டே சிரிப்பார்.